ஆறாம் மாத வயிறும் பாதி புரிந்த மலாயும்

1

பட்டுக்கோட்டையிலிருந்து என் தங்கை கடிதம் போட்டிருக்கிறாள். அவளுக்கு ஆறாம் மாதம் முடியப் போகிறது. "கால் வீங்குகிறது, நெஞ்சு எரிகிறது, இடுப்பு விட்டுப் போகிறது. அந்த ஊரில் நம் மனிதர் யாரும் இல்லாமல் நீ எப்படிச் சமாளித்தாய்? விவரமாக எழுது" என்று கேட்டிருக்கிறாள்.

எந்தக் கடிதத்தையும் நான் இரண்டு முறை படிப்பேன். முதல் முறை, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க. இரண்டாம் முறை, எதற்காக எழுதியிருக்கிறது என்று பார்க்க. பன்னிரண்டு வருஷமாக என் பிரசவத்தைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காதவள் இப்போது கேட்கிறாள் என்றால், அடுத்த கடிதத்தில் புருஷனுக்கு இங்கே வேலை பார்க்கச் சொல்வாளோ என்றுதான் முதலில் தோன்றியது. பாவம், அவள் நிஜமாகவே கால் வலியால்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் என் புத்தி அப்படி. சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியபோது ஒரு தகரப் பெட்டியும் இந்தப் புத்தியும்தான் கொண்டுவந்தேன். பெட்டி எப்போதோ துருப்பிடித்துப் போய்விட்டது.

பதில் எழுத உட்கார்ந்தபோது என் பெண் மேசைக்கு எதிர்ப்பக்கம் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் எட்டாவது மாடி. இங்கே இருப்பது ஒரே மேசை, அதில்தான் சாப்பாடு, அதில்தான் பள்ளிக்கூடம்.

"என்னம்மா, இவ்ளோ லாங் லெட்டர்? சித்திக்கு டாக்டர் இல்லயா? டாக்டரக் கேக்கச் சொல்லுங்க லா."

"டாக்டருக்குத் தெரியாததும் இருக்கு."

"வாட் இஸ் தேர் டாக்டருக்குத் தெரியாம?" என்று சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அச்சுத் தமிழையே அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். என் கையெழுத்து அவளுக்குப் பிடிபடாது. அதனால் அவளை எதிரே வைத்துக்கொண்டே அவளைப் பற்றி எழுத முடிகிறது. இதில் எனக்கு வருத்தமும் உண்டு, சௌகரியமும் உண்டு.

தங்கைக்கு எழுதவேண்டியதை எழுதிவிட்டேன். இடது பக்கமாகச் சாய்ந்து படு. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வை. பாவாடை நாடாவை வயிற்றுக்கு மேலே கட்டாதே, கீழே தளர்த்திக் கட்டு. ஒரேயடியாகச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, சாப்பிட்டதும் படுக்காதே. உட்காரும்போது காலை உயரமாக வை. முகமும் கையும் வீங்கினால், தலை வலித்தால், கண்ணில் பூச்சி பறந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

கடைசி வரியை எப்படிக் கற்றேன் என்பதை வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு எழுத முடியாது. அதை இங்கே எழுதுகிறேன்.

2

ஐம்பதுகளின் நடுவில் நான் வந்து சேர்ந்தபோது, என் வீட்டுக்காரர் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தார். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்களுக்கு ஓர் அறை. கீழே மாவு மில். மேலே பலகைத் தடுப்பு போட்டு நாலு அறை. குழாயும் குளியலறையும் கக்கூஸும் கீழே பின்கட்டில். நடுவில் ஏணிக்கும் படிக்கட்டுக்கும் இடைப்பட்ட ஒரு மரப்படி, செங்குத்தாக நின்றது.

ஐந்தாம் மாதம் வரைக்கும் அந்தப் படி என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆறாம் மாதத்தில் பாதிப் படியிலேயே மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஏறி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். காலில் மெட்டி இறுகி, சோப்பு போட்டுத்தான் கழற்ற முடிந்தது. கழுத்தைச் சுற்றிக் கறுப்பு படிந்தது. அழுக்கு என்று நினைத்து இரண்டு நாள் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டேன். தொப்புள் வெளியே தள்ளிச் சட்டைப் பொத்தான் மாதிரி நின்றது. அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு கறுத்த கோடு. வயிற்றுத் தோல் இழுபட்டு அரிக்கும். சொறிந்தால் வரிவரியாகச் சிவக்கும். விடியற்காலையில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மில் காலை எட்டு மணிக்கு ஓட ஆரம்பித்ததும் பலகைத் தரை அதிரும். அதே நிமிஷம் உள்ளேயும் உதை தொடங்கும். மிளகாய் அரைக்கிற நாளில் நானும் தும்முவேன், உள்ளே இருப்பதும் துள்ளும்.

நம் ஊராக இருந்தால் ஏழாம் மாதம் அம்மா வந்து அழைத்துப் போவாள். இங்கே அம்மாவின் கடிதம்தான் வந்தது. "யாரிடமும் வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்காதே. யார் எது கொடுத்தாலும் யோசித்துச் சாப்பிடு. தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே." என் புத்தி எங்கிருந்து வந்தது என்று இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

எதிர் அறையில் அஞ்சலை அக்கா இருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. மலாயா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். புருஷன் மாட்டுவண்டி, லாரி என்று ஏதாவது ஓட்டுவான், வாரத்தில் பாதி நாள் வெளியூர். பிள்ளை இல்லை. பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் வார்டு கழுவித் துடைக்கிற ஆயா வேலை அவளுக்கு. தமிழும் மலாயும் சமமாகப் பேசுவாள். நர்ஸ்களோடு பழகிப் பழகி இங்கிலீஷும் கொஞ்சம் வரும்.

என் கஷ்டத்தை நான் சொல்லாமலே அவள் கண்டுபிடித்தாள். ஒரு நாள் காலையில் வலி தாங்காமல் நான் கத்தியதும் தடுப்பைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். என் பாதத்தைப் பிடித்து, கால் விரல்களை என் முகத்தைப் பார்த்து மடக்கி அழுத்தினாள். நரம்பு விட்டது.

"கால நீட்டி சோம்பல் முறிக்காத புள்ள. குதிகால நீட்டு, விரல நீட்டாத."

அடுத்த நாள் ஒரு பாத்தேக் கைலி, பூப்போட்ட மலாய்க் கைலி, கொண்டுவந்து கொடுத்தாள். "சேலைய அவுத்துப் போடு. நாடா இறுக்குற இடத்துல பாரு, ரத்தம் கட்டியிருக்கு. இத நெஞ்சுக்கு மேல முடிஞ்சுக்க. வயிறு காத்தாட இருக்கும்."

கைலி கட்டுவதா என்று கூச்சமாக இருந்தது. கட்டிப் பார்த்தேன். பல நாளுக்குப் பிறகு முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விட்டேன். பஞ்சு போன தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு அடைத்து, நீளமாகத் தைத்துக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டுதான் இடது பக்கமாகப் படுப்பேன். வயிற்று அரிப்புக்குத் தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துத் தடவிவிடுவாள். தடவும்போது அவள் கை ஓர் இடத்தில் நின்றுவிடும். உதைக்காகக் காத்திருக்கும். உதை வந்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

அந்த வெளிச்சத்தைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

3

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கிளினிக்குக்குப் போகவேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான். சீட்டு எழுதும் குமாஸ்தாவுக்கு என் பெயரும் அப்பா பெயரும் புருஷன் பெயரும் அடையாள அட்டையும் வேண்டும். மூன்று முறை சொல்லியும் அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் புருஷன் பெயரை எழுதினார். எழுதினது எழுதினதுதான். அந்தச் சீட்டின்படி நான் என் வீட்டுக்காரரின் மகள்.

ஒரு குப்பியில் சிறுநீர் கொண்டுவரச் சொல்வார்கள். வெட்டிய நகத்தைக்கூட வெளியில் போடாதே என்று வளர்க்கப்பட்டவள் நான். இதை எதற்கு வாங்குகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். விளக்கில் காய்ச்சிப் பார்த்துவிட்டுக் கொட்டினார்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ரத்தக் கொதிப்பைப் பார்த்தார்கள். கறுப்பு மாத்திரை ஒரு பொட்டலம் கொடுத்தார்கள்.

நர்ஸ்களை இங்கே எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு இருந்தவள் ஒரு சீன மிஸ்ஸி. மரக்குழல் ஒன்றை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். இந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள். அளவு நாடாவைப் போட்டுப் பார்த்து, "துவா?" என்று புருவத்தைத் தூக்கினாள்.

அஞ்சலை அக்கா என் வயிற்றைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

"கலாவ் துவா, சத்து அனாக் காசி சாயா லா, மிஸ்ஸி."

மிஸ்ஸி சட்டென்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள்.

எனக்கு அப்போது மலாய் பத்து வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். 'துவா' என்பது எங்கள் சந்தில் முஸ்லிம் கடைக்காரர்கள் தொழுதுவிட்டுச் சொல்கிற வார்த்தை. 'சத்து' நம் சத்து. மாத்திரையைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன். காசியும் சாயாவும் எதற்கு வந்தன என்று விளங்கவில்லை. 'அனாக்' மட்டும் தெரியும். குழந்தை.

"என்ன அக்கா சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. வயிறு பெருசா இருக்குன்னு மிஸ்ஸி சொல்றாங்க."

ஒன்றுமில்லாததற்கு யாராவது என் முகத்தைப் பார்ப்பார்களா?

4

மறுநாள் தேக்கா மார்க்கெட்டில் தேங்காய்க்கடை பாயிடம் கேட்டேன். நாகூர்ப் பக்கத்து மனிதர். வெகுகாலமாக இங்கே இருப்பவர்.

"பாய், மலாயில காசின்னா என்ன?"

"காசின்னா கொடுன்னு அர்த்தம்மா."

"சாயா?"

"சாயான்னா நான், எனக்கு. காசி சாயான்னா எனக்குக் குடு."

"அனாக் காசி சாயான்னா?"

அவர் தேங்காயைத் துருவுவதை நிறுத்தினார். "புள்ளைய எனக்குக் குடுன்னு. யாரும்மா அப்படிக் கேட்டா?"

"சும்மாத்தான் கேட்டேன் பாய்."

'சத்து' என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. நம் வார்த்தையை இன்னொருவரிடம் எதற்குக் கேட்பது?

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தேன். பிள்ளை கொடுப்பதும் வாங்குவதும் இந்த ஊரில் நடக்காத காரியம் இல்லை. எங்கள் சந்திலேயே இரண்டு தமிழ் வீடுகளில் சீனப் பெண்குழந்தைகள் வளர்ந்தன. ஒன்று பாவாடை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, "ஆத்தா, பசிக்குது" என்று வாசலில் நின்று கத்தும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. யாரோ கொடுத்திருக்கிறார்கள், யாரோ வாங்கியிருக்கிறார்கள். கொடுத்த ஆஸ்பத்திரியும் ஆயாவும் இல்லாமலா நடந்திருக்கும்?

அதற்குப் பிறகு அவள் செய்தது எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. என் பாத்தேக் கைலியை அவிழ்த்து மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். மறுபடி நாடா இறுகிற்று. எண்ணெய் தடவ வந்தால் குளித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். வீக்கம் கூடுகிறது, உப்பைக் குறை என்று அவள் சொன்னபோது, என்னைப் பலவீனமாக்கப் பார்க்கிறாள் என்று பட்டது. அவளுக்குத் தெரியும்படியாகவே நார்த்தங்காய் ஊறுகாய் சாப்பிட்டேன். கறுப்பு மாத்திரைகளைப் பின்பக்கச் சாக்கடையில் ஒவ்வொன்றாகப் போட்டேன். கிளினிக் நாளன்று தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொண்டேன். அடுத்த தடவையும் போகவில்லை.

"அவங்க உன்னக் கூட்டிட்டுப் போறேங்கிறாங்க. போயேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க கூட்டிட்டுப் போங்க."

"லீவு குடுக்க மாட்டாங்க ராஜம். பார்க்கலாம்."

பார்க்கலாம் என்பது அவருடைய வார்த்தை. வாடகையைக் கூட்டினாலும் பார்க்கலாம். ஊரிலிருந்து யாராவது கைமாற்று கேட்டாலும் பார்க்கலாம். ஒரு சாயங்காலம் நான் படியிறங்க வந்தபோது கீழே அவரும் அஞ்சலை அக்காவும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் காலடி கேட்டதும் பேச்சு நின்றது. கடைசி வார்த்தை மட்டும் காதில் விழுந்தது.

"பார்க்கலாம் அக்கா."

படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த ஊரில் எனக்கென்று இருந்த இரண்டு மனிதர்களும் ஒரே பக்கமாகிவிட்டார்கள் என்று நினைத்தேன். வயிற்றுக்குள் இருந்தது உதைத்தது. அது மட்டும்தான் என் கட்சி.

5

ஏழாம் மாதம் பிறந்து சில நாள் இருக்கும். காலையில் எழுந்ததும் கண் இமை பிரியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை, முகம் அவ்வளவு ஊதியிருந்தது. வளையல் மணிக்கட்டில் பதிந்து கிடந்தது. வீட்டுக்காரர் அவசரத்தில் சரியாகப் பார்க்காமலே வேலைக்குப் போய்விட்டார். நானும் சொல்லவில்லை.

பத்து மணிவாக்கில் தலைவலி தொடங்கிற்று. நெற்றியைக் கயிறு போட்டு இறுக்கினமாதிரி. கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் பூச்சிகள் பறந்தன. கையை வீசினேன், போகவில்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே வலது பக்கம் குத்தியது. ஊறுகாய் செய்த வேலை என்று ஓமத்தை மென்றேன்.

காலை வேலை முடிந்து வந்த அஞ்சலை அக்கா திறந்திருந்த கதவு வழியாக என்னைப் பார்த்தாள். கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். என் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"தல வலிக்குதா?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"கண்ணுல ஏதாச்சும் தெரியுதா? மின்னுதா?"

அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று பயம் வந்தது. "ஒண்ணும் இல்ல" என்றேன்.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

டிரைஷா என்கிற மூன்று சக்கரச் சைக்கிள் வண்டியைக் கூப்பிடுகிறேன் என்று அவள் வெளியே போன நிமிஷம் எழுந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். திரும்பி வந்து தட்டினாள். பிறகு இடித்தாள்.

"தொற புள்ள! வெளயாட்டு இல்ல இது. இந்த மாதிரி வந்த பொம்பளைங்கள வார்டுல பாத்திருக்கேன். வலிப்பு வந்துடும். தொற!"

"மாட்டேன்."

"ஏன்?"

"என் புள்ளைய உங்ககிட்டக் குடுக்க மாட்டேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது. மில் ஓடிக்கொண்டிருந்தது, தரை அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் போய்விட்டாள் என்றே நினைத்தேன். பிறகு மெதுவான குரல் வந்தது. கதவின் பலகையில் வாயை வைத்துப் பேசியிருக்கவேண்டும்.

"சரி. நான் வரல. டிரைஷாக்காரன் கீழ நிக்கிறான். நீ மட்டும் ஏறிப் போ. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிடுவான். உள்ள போயி உன் சீட்டக் காட்டு. நான் வரல, சத்தியமா. படி எறங்குற வரைக்கும் மட்டும் கூட நிக்கிறேன்."

தலைவலி அப்போது கண்ணைத் திறக்கவிடவில்லை. அதற்காகத்தான் தாழை எடுத்தேன். அவளை நம்பி எடுக்கவில்லை.

அந்தப் படியில் அவள் எனக்கு முன்னால், என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினாள். இரண்டு கையும் இரண்டு பக்கமும் கைப்பிடியில். என்னைத் தொடவில்லை. நான் விழுந்தால் அவள் மேல்தான் விழுவேன், அப்படி இறங்கினாள். டிரைஷாவில் நானே ஏறிக்கொண்டேன். வண்டிக்காரனிடம் மலாயில் ஏதோ சொன்னாள். வண்டி மெதுவாகத்தான் நகர்ந்தது.

சந்து திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, வெயிலில், செருப்புகூட இல்லாமல் அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள். நான் பார்த்ததும் நின்றாள். வண்டி நகர்ந்ததும் மறுபடி நடந்தாள்.

6

ஆஸ்பத்திரியில் குமாஸ்தா கேட்டார்: "கூட யார் வந்திருக்காங்க?"

"யாரும் இல்லை" என்றேன். அவள் வெளிக்கதவுப் பக்கம் ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்த மிஸ்ஸி, மறுபடியும் ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு எல்லோரும் வேகமாக நடந்தார்கள். என்னை ஒரு கட்டிலில் இடது பக்கமாகச் சாய்த்துப் போட்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். ஒரு டாக்டர் வந்து வயிற்றை வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் பேசினார். பிறகு ஒரு காகிதம் வந்தது. முழுக்க இங்கிலீஷ். அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு.

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

மிஸ்ஸி மலாயில் சொன்னாள். புரியவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு வெளியே போய், "அஞ்சலை!" என்று கூப்பிட்டாள். அங்கே தமிழுக்கு அவள்தான் ஆள்.

அக்கா வந்து கட்டில் கால்மாட்டில் நின்றாள். கிட்டே வரவில்லை.

"உனக்கு ரத்தக் கொதிப்பு ரொம்ப ஏறிப்போச்சு. மருந்து குடுத்து எறக்கப் பாப்பாங்க. எறங்கலேன்னா வயித்த அறுத்துத்தான் உன்னக் காப்பாத்தணும். அதுக்கு உன் சம்மதம் வேணும். உன் வீட்டுக்காரத் தம்பிக்குச் சொல்லி அனுப்பியிருக்கு, வர நேரமாகும். அதான் உன்னையே போடச் சொல்றாங்க."

"புள்ளையப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

"புள்ளையப் பத்தி ஒண்ணும் எழுதல."

"பொய் சொல்றீங்க."

நான் மிஸ்ஸி பக்கம் திரும்பினேன். என் குழந்தையை இவளுக்குக் கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்கவேண்டும். அதற்கு என்னிடம் இருந்தது மூன்றே வார்த்தை.

"மிஸ்ஸி, அனாக்... காசி சாயா?"

மிஸ்ஸி ஒரு நிமிஷம் திகைத்தாள். தன் குழந்தையைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு தாய் கெஞ்சுகிறாள் என்று அவளுக்குப் பட்டிருக்கும். என் தோளைத் தட்டினாள். "போலே, போலே" என்றாள். அதற்கு ஆகட்டும் என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். பிறகு என் வயிற்றைக் காட்டி, "அனாக் சத்து. புக்கான் துவா. சத்து" என்று ஒரு விரலை நிமிர்த்திக் காட்டினாள்.

அந்த ஒற்றை விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, சத்துன்னா ஒண்ணா?"

"ஒண்ணு."

"துவா?"

"ரெண்டு. புக்கான்னா இல்ல. ரெண்டு இல்ல, ஒண்ணுதான்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

"கலாவ்னா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இருந்தான்னு அர்த்தம். ரெண்டா இருந்தா ஒண்ண எனக்குக் குடுங்கன்னு சொன்னேன். வெளயாட்டுக்குச் சொல்லல ராஜம். தம்பிகிட்டயும் கேட்டேன். உன்கிட்டக் கேக்கத்தான் வாய் வரல. உன் வயிறு அவ்ளோ பெருசா இருந்துச்சு, எனக்கு ஆச வந்துடுச்சு." காகிதத்தைக் காட்டினாள். "இப்ப போடு கையெழுத்து. ஒண்ணுதான் இருக்கு. அது உன்னுது."

போட்டேன். தெரியாத காகிதத்தில் நான் போட்ட முதல் கையெழுத்து அது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என் வீங்கின கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து கேட்டேன்.

"ரெட்டையாப் பொறந்தா ஒண்ணத் தர்றேன்னு சொன்னீங்களா?"

"பார்க்கலாம்னுதான் சொன்னேன்."

"பார்க்கலாம்னா?"

"அவங்க மொகத்தப் பாத்துட்டு முடியாதுன்னு சொல்ல வாய் வரல ராஜம். அவ்வளவுதான்."

இரண்டாகப் பிறந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று இத்தனை வருஷத்தில் பல தடவை கேட்டுவிட்டேன். ஒரு தடவை, கொடுத்திருக்க மாட்டேன் என்றார். ஒரு தடவை, உன்னைக் கேட்காமல் செய்வேனா என்றார். போன மாதம் கேட்டதற்கு, "அதான் ஒண்ணுதானே பொறந்துச்சு, விடேன்" என்றார். விடவில்லை. அக்கா கேட்டதை நான் மன்னித்துவிட்டேன். இவர் சொன்ன பார்க்கலாம்தான் இன்னும் இடிக்கிறது.

7

எட்டாம் மாதம் வரை என்னை அந்தக் கட்டிலிலேயே வைத்திருந்தார்கள். உப்பில்லாத கஞ்சி, இருட்டு, இடது பக்கம். கிளினிக்குக்கு ஒழுங்காக வந்திருந்தால் இவ்வளவு ஏறுவதற்கு முன்பே தெரிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை அஞ்சலை அக்காதான் தமிழில் சொன்னாள். நான் ஏன் வரவில்லை என்று அவள் அவரிடம் சொல்லவில்லை.

அறுக்காமலே பிறந்துவிட்டது. பெண். ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள்.

குழந்தையோடு அறைக்குத் திரும்பிய பிறகு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அது இல்லை. விஷயம் தெரிந்த பிறகு பயம் குறையவில்லை, அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஆசைப்பட்டவள் என்று அவள் வாயாலேயே சொன்னாளே. மூன்று மாதம் குழந்தையை அவள் கண்ணில் படாமல் வைத்திருந்தேன். குளிக்கப் போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போவேன். அவளும் வரவில்லை. காலையில் என் கதவுக்கு வெளியே ஒரு வாளி வெந்நீர் இருக்கும், அவ்வளவுதான். எதிரே வந்தால் என் முகத்தைப் பார்ப்பாள். கையில் இருக்கிறதைப் பார்க்க மாட்டாள். ஏன் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அடுத்த வருஷம் அவள் புருஷனோடு ஜொகூர் பக்கம் தோட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டாள். அங்கே ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். கண்ணால் பார்க்காததை நான் நம்புவதில்லை. இது மட்டும் நிஜமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் போவதற்குச் சில மாதம் முன்பு ஒரு மத்தியானம். காற்றே இல்லை. கூரைத் தகரம் கொதித்தது. குழந்தை இடைவிடாமல் வீறிட்டது. பால் கொடுத்தாலும் நிற்கவில்லை, தோளில் போட்டாலும் நிற்கவில்லை. எனக்கும் காய்ச்சல், நிற்கவே கால் தள்ளாடியது. வேறு வழி தெரியாமல் எதிர் அறை வாசலில் போய் நின்றேன். அக்கா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் பிடிங்களேன்."

குழந்தையை நீட்டினேன். அவள் எழுந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கை என் பக்கம் வந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் ராஜம். கை பழகிடும்."

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு அழுதது. அவள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு மல் துணியும் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"நீ உக்காரு. துணிய நனச்சு அக்குளையும் தொட இடுக்கையும் தொடச்சு விடு. கழுத்து மடிப்ப விடாத. வேர்க்குரு கடிக்குது, அதான்."

அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் மல்லாத்தித் துடைத்தேன். கழுத்து மடிப்பு சிவந்து கிடந்தது, அவள் சொன்னபடியே. உள்ளே சுவரோரம் நின்று அவள் எந்தெந்த இடம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அழுகை மெல்ல அடங்கி, விக்கலாகி, நின்றது. குழந்தை ஈரக் காலை உதைத்துக்கொண்டு அவள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் அவள் அதன் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

குழந்தை தூங்கிவிட்டது. நான் எழுந்து போகவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை.